கிள்ளான் பள்ளத்தாக்கு: ஆங்கிலேய ஆதிக்கமும் விடுதலையும்

கோலாலம்பூர், அதன் புறநகர்கள், கிள்ளான் நகரம், துறைமுகம் ஆகியவற்றை உள்ளடக்கி, கிள்ளான் ஆற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் பகுதியே கிள்ளான் பள்ளத்தாக்கு. சிலாங்கூர் சுல்தானகத்தின் நடுப்பகுதியான இது 1874 முதல் 1957 வரை ஆங்கிலேயர் ஆதிக்கத்தில் இருந்தது. இடையில் 1942 தொடங்கி மூன்றரை ஆண்டுகள் ஜப்பானியர் கையில் இருந்தது. மலாயாவின் விடுதலை வரலாறு பெரும்பாலும் சுல்தான்கள், கட்சித் தலைவர்கள், லண்டன் பேச்சுவார்த்தை என்ற வரிசையிலேயே சொல்லப்படுகிறது. இந்தப் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்களிலும் ரயில்வே குடியிருப்புகளிலும் வாழ்ந்த தமிழர்கள் அந்த வரிசையின் ஓரத்தில்தான் வருகிறார்கள். அவர்களையும் சேர்த்துப் பார்த்தால் விடுதலைக்கான பாதை 1946இல் கட்சிகள் பிறந்தபோது தொடங்கவில்லை என்பது தெளிவாகும்.

ஈயமும் கிள்ளான் போரும்

1857இல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தேட 87 சீனத் தொழிலாளர்களை ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். அம்பாங் காட்டில் இறங்கிய அவர்களில் பெரும்பாலோர் ஒரு மாதத்துக்குள் காய்ச்சலில் மாண்டனர். ஆனாலும் ஈயம் கிடைத்தது. ஆறுகள் கூடும் சேற்று முனையில் கோலாலம்பூர் என்ற குடியிருப்பு எழுந்தது. கிள்ளானில் ராஜா அப்துல்லா கட்டிய கிடங்கு இன்றும் நிற்கிறது.

ஈயம் வந்ததும் அதன் மீதான வரியை யார் வசூலிப்பது என்ற தகராறும் கூடவே வந்தது. 1867இல் ராஜா மஹ்தி கிள்ளானைக் கைப்பற்றினார். சிலாங்கூர் சுல்தானின் மருமகனும் கெடாவிலிருந்து வந்தவருமான தெங்கு கூடின் ஒரு பக்கம், ராஜா மஹ்தி மறு பக்கம் எனப் போர் 1874 வரை இழுத்தது. சீனச் சுரங்கக் குழுக்களும் இரண்டாகப் பிரிந்தன. கோலாலம்பூரின் சீனர் தலைவராக இருந்த காப்பித்தான் யாப் ஆ லோய், தெங்கு கூடின் பக்கம் நின்று, எரிந்துபோன ஊரை மறுபடியும் கட்டினார். சிங்கப்பூர், பினாங்கு வணிகர்கள் இந்தப் போரில் பணம் போட்டிருந்தார்கள். ஈயம் வராமல் அவர்கள் தவிக்கவே, ஆங்கிலேய அரசு தலையிட வேண்டும் என்ற நெருக்குதல் கூடியது.

ஆலோசகர் என்ற பெயரில்

1874 ஜனவரியில் பேராக்கில் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த மாதமே கவர்னர் ஆண்ட்ரு கிளார்க் போர்க்கப்பல்களோடு சிலாங்கூர் கரைக்கு வந்தார். அந்த ஆண்டிலேயே 24 வயது இளைஞரான பிராங்க் சுவெட்டன்ஹாம் சுல்தான் அப்துல் சமாட் அருகில் அமர்த்தப்பட்டார். தொடர்ந்து ஜே. ஜி. டேவிட்சன் முதல் ரெசிடெண்ட் ஆனார். சுல்தான் ஆள்வார், ரெசிடெண்ட் ஆலோசனை சொல்வார். மலாய் சமயமும் வழக்கமும் தவிர மற்ற எதிலும் அந்த ஆலோசனையைக் கேட்டே ஆக வேண்டும். ஏற்பாடு இவ்வளவுதான். ஆனால் வரியும் நிலமும் போலீசும் ஆலோசகர் கைக்குப் போன பின் சுல்தானுக்கு மிஞ்சியது அரியணையும் ஓய்வூதியமும்.

இந்த ஏற்பாட்டை ஆங்கிலேயர் மலாயாவுக்கென்று தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. இந்தியச் சமஸ்தானங்களில் பழகிய முறைதான் இது. 1882க்குப் பின் எகிப்தில் கெதீவின் பெயரால் குரோமர் நடத்திய ஆட்சியும், வளைகுடாவின் அரபு ஷேக்குகள் மீது பிரிட்டிஷ் ரெசிடெண்ட் செலுத்திய அதிகாரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. போரிட்டுப் பிடித்த நாட்டை விடச் சம்மதக் கையெழுத்து வாங்கிய நாட்டை ஆள்வது மலிவு. பின்னால் விடுதலை வந்தபோதும் அது கையெழுத்து வழியாகவே வந்ததற்கு இந்தத் தொடக்கமும் ஒரு காரணம்.

1880இல் தலைநகரம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1896இல் சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் கூட்டு மலாய் மாநிலங்கள் ஆயின. சுவெட்டன்ஹாம் முதல் ரெசிடெண்ட் ஜெனரல், கோலாலம்பூர் தலைநகரம். அடுத்த ஆண்டு கட்டி முடிந்த அரசுச் செயலகத்துக்கு, அதிகாரம் கைநழுவிப் போனதைக் கண்ணால் கண்ட சுல்தான் அப்துல் சமாட்டின் பெயர் பின்னாளில் சூட்டப்பட்டது.

அரண்மனை விவகாரத்தில் எவ்வளவு தூரம் தலையிட்டார்கள் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. சுல்தான் சுலைமானின் மூத்த மகன் தெங்கு மூசா எடின் பட்டத்து இளவரசராக இருந்தார். ஆங்கிலேய ரெசிடெண்டின் நெருக்குதலால் 1934இல் அவர் நீக்கப்பட்டார். தந்தை மன்றாடியும் பயனில்லை. 1938இல் தம்பி ஹிசாமுடின் ஆலம் ஷா சுல்தானானார். ஜப்பானியர் வந்ததும் அண்ணனை அரியணையில் ஏற்றினார்கள். ஆங்கிலேயர் திரும்பியதும் அவரைக் கோகோஸ் தீவுக்கு நாடு கடத்தித் தம்பியை மீண்டும் அமர்த்தினார்கள். பதினொரு ஆண்டுக்குள் மூன்று முறை கிள்ளான் அரண்மனையின் தலைவிதியை வெளியார் எழுதினார்கள். சமயமும் வழக்கமும் மட்டும் மலாயருக்கு என்ற உறுதிமொழியில் அரச வாரிசு உரிமை அடங்காது போலும்.

செங்கல்லும் தண்டவாளமும்

1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தன. அத்தாப்புக் கூரையும் மரப்பலகையும் போதும், இனிச் செங்கல்லும் ஓடும்தான் என்று சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். நகருக்குத் தெற்கே களிமண் நிலத்தில் செங்கல் சூளைகள் பெருகின. பிரிக்பீல்ட்ஸ் பிறந்த கதை இது. 1886 செப்டம்பர் 15இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் அருகே புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோவதே இந்தப் பாதையின் முதல் வேலை. 1890இல் ஆற்றைத் தாண்டிக் கிள்ளான் நகருக்குள் ரயில் வந்தது. 1901இல் ஆற்று முகத்தில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சூட்டோடு அங்கே மலேரியா பரவி ஊழியர்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தார்கள். கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடிய வைத்து, காட்டை வெட்டி நோயை அடக்கினார். கொசு ஒழிப்பின் உலக வரலாற்றில் கிள்ளானுக்கு இடம் கிடைத்தது இப்படித்தான்.

ரயில்வேயோடு தமிழரும் வந்தார்கள், இரண்டு படிகளில். தண்டவாளம் போடவும் செந்தூல் பட்டறையில் வேலை செய்யவும் தமிழகத்திலிருந்து உடலுழைப்புத் தொழிலாளர்கள் வந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி (எழுத்தர்), நில அளவையாளர் வேலைகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்தவர்கள் வந்தார்கள். மிஷன் பள்ளிகளில் படித்த யாழ்ப்பாணத்தார் வெள்ளைக்கார எழுத்தரை விடக் குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்தார்கள். ரயில்வே குடியிருப்பாக பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்தது. ரொசாரியோ சாலை ஓரத்தில் வரிசை வரிசையாகக் கட்டிய நூறு வீட்டுக் குடியிருப்பு அதன் அடையாளமாயிற்று. 2014இல் அது இடிக்கப்பட்டது. 1902இல் ஸ்காட் சாலையில் இலங்கைத் தமிழர் கந்தசுவாமி கோயிலை எழுப்பினார்கள். 1904இல் விவேகானந்தா ஆசிரமம் எழுந்தது. நகருக்குள் மகா மாரியம்மன் கோயிலை 1873இல் நிறுவியவர் தம்புசாமிப் பிள்ளை. பத்துமலையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கிவைத்தவரும் அவரே. சிங்கப்பூரிலிருந்து வந்த அவர், அரசுப் பணியிலும் ஈயத்திலும் பொருள் சேர்த்து, காலனி அரசுக்கும் தமிழருக்கும் நடுவே பாலமாக இருந்தார்.

இந்தப் படிநிலை பின்னால் அரசியலாயிற்று. தோட்டத்திலும் ரயில்வேயிலும் வெள்ளைக்காரத் துரைக்குக் கீழே ஆணையிட்டவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தாரோ மலையாளியோ ஆன கிராணியார்தான். கூலிக்காரருக்கு ஆட்சி என்றால் முதலில் தெரிந்த முகம் அவர் முகமே.

கித்தாக் காடு

ஈயம் ஊரைக் கட்டியது. நிலத்தை மாற்றியது கித்தா, அதாவது ரப்பர். காஜாங் பக்கம் 1890களில் ரப்பர் நட்ட காப்பித் தோட்டங்கள், 1910இல் விலை உச்சம் தொட்டபோது லண்டன் பங்குச் சந்தையின் செல்லப்பிள்ளைகள் ஆயின. கிள்ளானைச் சுற்றிலும், கேரித் தீவிலும், கோல லங்காட்டிலும் காடு அழிந்து பால்மரம் நின்றது. அதைச் சீவத் தமிழகத்திலிருந்து ஆள் வந்தது. சஞ்சிக்கூலி (ஒப்பந்தக் கூலி) முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி (கூலிகளின் மேற்பார்வையாளர்) ஊருக்குப் போய்ச் சொந்தபந்தங்களை அழைத்துவரும் முறை அதற்கு முன்பே வேரூன்றி இருந்தது. தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கிக் கூலிகளின் கப்பல் செலவை ஏற்கும் நிதியும் 1907 முதல் இருந்தது. இலவசமாகக் கப்பல் ஏறியவர் கடனாளி இல்லை என்று சட்டம் சொன்னது. கங்காணியின் கணக்குப் புத்தகம் வேறு சொன்னது.

விடியுமுன் மணி அடிக்கும். பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுக்க வேண்டும். உளியும் வாளியுமாக வெட்டுக்குப் போனால் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைப்பு. குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெண்களும் போவார்கள். மாலையில் பாலை நிறுத்துக் கொடுத்துத் திரும்பினால் வரிசைக் குடியிருப்பான லயத்து வீடு. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை; சம்பளத்தின் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போகும். துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளில் இருப்பவர் இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும். எழுதப்பட்ட சட்டத்தில் இது இருந்ததோ இல்லையோ, நடைமுறையில் மீறுவார் இல்லை.

கூலி ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது நல்ல காலத்து அளவு. 1930களின் மந்தத்தில் அதையும் வெட்டினார்கள்; ஆயிரக்கணக்கானோரைக் கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். இந்திய அரசு அனுப்பி 1936 இறுதியில் வந்த சீனிவாச சாஸ்திரி பழைய கூலியைத் திரும்பத் தரவேண்டும், கங்காணி ஆள்சேர்ப்பு ஒழிய வேண்டும் என்று எழுதினார். மொத்தத்தில் நிலைமை பரவாயில்லை என்ற தொனியில் அவர் அறிக்கை இருந்ததால் மலாயா இந்தியர் பலர் கொதித்தார்கள். 1938இல் மீண்டும் கூலி குறைந்தபோது இந்திய அரசு உதவிப்பயணக் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது.

இதற்கிடையில் பேச ஒரு மேடையும் உருவாகியிருந்தது. 1924இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய தமிழ் நேசன் நாளேடு, 1929இல் தந்தை பெரியார் வந்து பேசிய கூட்டங்கள், 1936இல் அமைந்த மலாயா மத்திய இந்தியர் சங்கம், 1937இல் நேருவின் வருகை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. படித்த நடுத்தர வகுப்பாரின் சங்கம் தோட்டத்துக் கதவைத் தாண்டிப் போகத் தயங்கியது. தாண்டியவர் சிலரே.

1941: கிள்ளான் வேலைநிறுத்தம்

அப்படித் தாண்டியவர்களில் முதன்மையானவர் ஆர். எச். நாதன். தமிழ் நேசனில் துணையாசிரியராக இருந்தவர். ஒய். கே. மேனன் போன்றவர்களோடு சேர்ந்து கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோனார். ஐரோப்பாவில் போர் மூண்டு ரப்பர் விலை ஏறியிருந்தது. அரிசி விலையும் ஏறியிருந்தது. கூலி மட்டும் அசையவில்லை. அதே தோட்டத்தில் சீனத் தொழிலாளி கூடுதல் கூலி வாங்குவது எல்லோருக்கும் தெரியும்.

1941இன் தொடக்க மாதங்களில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நின்றது. சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலைப் படிக்கும்போது கூலி உயர்வு அதில் ஒன்றே ஒன்று என்பது வியப்பளிக்கும். சீனருக்கு நிகரான கூலி, கொடுமை செய்யும் கிராணிகளை நீக்குதல், பிள்ளைகளுக்குச் சரியான பள்ளி, துரைமாரும் கிராணிமாரும் பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்துதல், மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பேசவும் கூடவும் உரிமை, உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி, துரை முன்னால் சைக்கிளில் இருந்து இறங்காமல் போகும் உரிமை, பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு முடிவு, குறை சொன்னவரைப் பழிவாங்காமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகிய பன்னிரண்டும் அதில் இருந்தன. தனியொருவர் தன்மானமும் நாட்டு விடுதலையும் இந்தப் பட்டியலில் ஒரே கோட்டில் நிற்கின்றன. மலாயா இந்தியரின் அரசியல் ஆவணங்களில் இதற்கு இணையான ஒன்றைச் சுட்டுவது கடினம்.

ஏப்ரலில் சிறிய கூலி உயர்வோடு முதல் கட்டம் அடங்கியது. ஆனால் இளைஞர்கள் காந்தி குல்லா அணிந்தார்கள், காங்கிரஸ் கொடி ஏற்றினார்கள், கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். முதலாளிகளுக்கு ஐந்து பத்துக் காசு உயர்வை விட இந்தக் குல்லாதான் உறுத்தியது. மே 5இல் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் திரண்டார்கள். வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுவதும் பரவி நெகிரி செம்பிலானையும் தொட்டது; பங்கேற்றவர் 20,000 பேர் அளவில் இருந்தனர். மே நடுவில் சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பித்து ராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேறு பலரும் கப்பல் ஏற்றப்பட்டார்கள். ஏழு மாதத்தில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது.

இதற்கு நான்கு ஆண்டு முன், 1937 மார்ச்சில், பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்த பெரும் வேலைநிறுத்தமும் படைபலத்தால் முறியடிக்கப்பட்டது. அங்கே முன்னின்றவர்கள் சீனத் தொழிலாளர்களும் கம்யூனிஸ்டுகளும். கிள்ளானில் கம்யூனிஸ்ட் கை இருந்தது என்று அரசு சந்தேகித்தாலும், அது அடிப்படையில் காந்தியம், தமிழ்ச் சீர்திருத்தம், வயிற்றுப்பாடு மூன்றும் கலந்த எழுச்சி.

ஜப்பானியர் காலம்

1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. வெல்ல முடியாதவர்கள் என்று கூலிக்காரர் கண்ட துரைமார் ஒரே வாரத்தில் தோட்டங்களைப் போட்டுவிட்டுத் தெற்கே ஓடினார்கள். அந்தக் காட்சி செய்ததை எந்த மேடைப் பேச்சும் செய்திருக்க முடியாது.

ஆனால் புதிய எஜமானர் பழையவரை விடக் கொடியவர். சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவிலும் பட்டினியிலும் அங்கேயே மாண்டவர்கள் பல்லாயிரம். ஆண் துணை இழந்த குடும்பங்கள் லயங்களில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலம் தள்ளின.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்ததும் இந்திய தேசிய ராணுவத்துக்குப் புத்துயிர் பிறந்தது. கோலாலம்பூரில் வளர்ந்த ஜானகி தேவர் நேதாஜியின் கூட்டத்தில் தம் வைரத் தோடுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வீட்டின் எதிர்ப்பை மீறி அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். பதினெட்டு வயதில் சேர்ந்தவர் படையின் துணைத் தளபதி நிலைக்கு உயர்ந்தார். தோட்டத்துப் பெண்கள் பலரும் அப்படையில் துப்பாக்கி பிடித்தார்கள். இம்பாலில் படை தோற்றது உண்மை. ஆனால் கிராணி முன் கைகட்டி நின்ற இளைஞன் சீருடையும் பதவியும் கண்டு திரும்பினான். போருக்குப் பிந்திய தொழிற்சங்கங்களில் தலைவர்களாக வந்தவர்களில் கணிசமானோர் இந்தப் படையில் பயின்றவர்கள்.

கையெழுத்துகளின் காலம்

1945 செப்டம்பர் 9இல், கோல லங்காட்டின் மோரிப் கடற்கரையில் ஆங்கிலப் படை இறங்கியது. அடுத்த மாதம் ஹெரால்ட் மெக்மைக்கேல் வந்தார். சூடானில் நீண்ட காலம் பணியாற்றி, 1938 முதல் 1944 வரை பாலஸ்தீனத்தின் ஹை கமிஷனராக இருந்தவர் அவர். ஒன்பது சுல்தான்களிடமும் மலாயன் யூனியன் என்ற புதிய ஆட்சி ஏற்பாட்டுக்குக் கையெழுத்து வாங்குவது அவருக்கு இட்ட வேலை. ஜப்பானியரோடு ஒத்துழைத்தாரா என்ற விசாரணை தலைக்கு மேல் தொங்கும்போது எந்த சுல்தான் மறுப்பார்? டிசம்பருக்குள் எல்லாம் முடிந்தது.

யூனியன் எல்லா இனத்தாருக்கும் தாராளமான குடியுரிமையை முன்வைத்தது; சுல்தான்களின் இறைமையைப் பறித்தது. மலாயர் கொதித்தெழுந்தார்கள். 1946 மார்ச் முதல் வாரம் கோலாலம்பூர் கம்போங் பாருவின் சுல்தான் சுலைமான் கிளப்பில் மலாய் அமைப்புகள் கூடின. அதிலிருந்து மே மாதத்தில் அம்னோ கட்சி பிறந்தது. யூனியனால் பெரும் பயன் அடைந்திருக்கக்கூடிய இந்தியரும் சீனரும் அதை ஆதரிக்கப் பெரிதாக முன்வரவில்லை. இந்தியரின் கண் அப்போது டில்லியில் இருந்தது. குடியுரிமைக் கதவு அவ்வளவு அகலமாகப் பிறகு திறக்கவே இல்லை என்பதை நினைத்தால், இந்த அலட்சியம் மலாயா இந்தியத் தலைமையின் பெரும் பிழை.

1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் மலாயா இந்தியர் காங்கிரஸ் (மஇகா) உருவானது. போஸின் இயக்கத்தில் இருந்த வழக்கறிஞர் ஜான் திவி முதல் தலைவர். கட்சி இடதுசாரி அணியோடும் மலாய்த் தேசியவாதிகளோடும் சேர்ந்து மக்கள் அரசமைப்புத் திட்டத்தை ஆதரித்தது. அதை வலியுறுத்தி 1947 அக்டோபர் 20இல் நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. கோலாலம்பூர் கடைவீதிகள் அடைத்துக் கிடந்தன. ஆங்கிலேயர் அசையவில்லை. அம்னோவோடும் சுல்தான்களோடும் பேசி 1948 பிப்ரவரி 1இல் மலாயாக் கூட்டரசை அமைத்தார்கள், குடியுரிமை இறுகியது.

அவசரகாலம்

1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதும் அவசரகாலம் நாடெங்கும் விரிந்தது. அதை நடத்தப் பாலஸ்தீனத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள்: அங்கே தலைமைச் செயலராக இருந்த ஹென்றி கர்னி ஹை கமிஷனர் ஆனார், அங்கே போலீஸ் தலைவராக இருந்த கிரே இங்கும் போலீஸ் தலைவர் ஆனார், அங்கே வேலை பார்த்த போலீஸ்காரர் நூற்றுக்கணக்கானோர் கோலாலம்பூரில் வந்திறங்கினார்கள். ஓர் அரபு நாட்டில் ஆங்கில ஆட்சி உடைந்து சிதறியபோது எஞ்சியவற்றைக் கொண்டு மலாயாவைத் தாங்கிப் பிடிக்கப் பார்த்தார்கள். 1951 அக்டோபர் 6இல் பிரேசர் மலைக்குப் போகும் வழியில் கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கல்லறை கோலாலம்பூர் செராஸ் சாலையில் உள்ளது.

தமிழ்த் தொழிலாளருக்கு அவசரகாலம் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் எஸ். ஏ. கணபதி. தமிழகத்தில் பிறந்து, இந்திய தேசிய ராணுவத்தில் இருந்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானவர். சம்மேளனம் 1948இல் தடை செய்யப்பட்டது. 1949 மார்ச்சில் ரவாங் அருகே அவர் பிடிபட்டார். ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அவசரகாலச் சட்டத்தில் அதற்குத் தூக்கு. இந்திய அரசு கருணை கேட்டது. மே 4இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தைய நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தக் கொலைகளுக்குப் பின் தீவிரமான தொழிற்சங்கம் இந்தியத் தோட்டங்களில் தலை தூக்கவில்லை. வெற்றிடத்தில் வளர்ந்தது பி. பி. நாராயணன் நடத்திய மிதவாத இயக்கம். 1954இல் ஐந்து சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. பேரம் பேசுவதில் திறமையானது. கேள்வி கேட்பதில் அவ்வளவு துணிச்சல் இல்லாதது.

லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. காட்டோரச் சீனக் குடும்பங்கள் ஜிஞ்சாங் போன்ற புதுக் கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. 1948இல் தொடங்கிய அடையாள அட்டை இல்லாமல் யாரும் வெளியே நடமாட முடியாது.

பெட்டியும் கொடியும்

1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலைச் சின்ன விஷயமென்று ஒதுக்கிவிட முடியாது. நகர அளவில் அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் கைகோத்து 12 இடங்களில் 9ஐ வென்றன. டத்தோ ஓன் ஜாபாரின் பல இனக் கட்சியோடு நின்ற மஇகா தோற்ற பக்கத்தில் இருந்தது. பல இனக் கட்சியை விட இனக் கட்சிகளின் கூட்டணியே வாக்கு வாங்கும் என்ற பாடத்தை நாடு அன்று இந்நகரில் கற்றது, இன்றுவரை மறக்கவில்லை. மஇகா 1954இல் கூட்டணியில் சேர்ந்தது. 1955இல் வீ. தி. சம்பந்தன் தலைவரானார். அதுவரை ஆங்கிலம் பேசும் வழக்கறிஞர்களின் கட்சியாக இருந்ததைத் தோட்டத்துத் தமிழரின் கட்சியாக்கியவர் அவரே. அதே ஆண்டு ஜூலைத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51ஐ அள்ளியது. சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார்.

1956 பிப்ரவரி 8இல் லண்டனில் விடுதலை ஒப்பந்தம் கையெழுத்தானது. ரீட் குழு அரசமைப்பை வரைந்தது. 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில், செயலகத்தின் எதிரே கிளப் திடலில் விளக்குகள் அணைந்து எரிந்தன. யூனியன் ஜாக் இறங்கி மலாயாக் கொடி ஏறியது. மறுநாள் காலை மெர்டேக்கா அரங்கில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ‘மெர்டேக்கா’ (விடுதலை) என்று ஏழு முறை முழங்கினார். மூன்று ஆண்டுக்குள், கிள்ளான் அரண்மனையின் ஹிசாமுடின் ஆலம் ஷா நாட்டின் இரண்டாவது பேரரசரானார்.

கொடி மாறிய பின்

தோட்டங்கள் லண்டன் கம்பெனிகளிடமே இருந்தன. விடுதலைக்குப் பயந்த சில கம்பெனிகள் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது வேலையிழந்தவர்களுக்காகச் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கூலிக்காரர்களின் பங்குப் பணத்தில் தோட்டம் வாங்கிய முயற்சி அது. பெரிய கம்பெனிகளில் ஒன்றான கத்ரியின் பங்குகளை லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் மலேசியா வாங்கி முடித்தது 1981 செப்டம்பர் 7இல்தான். பொருளாதார விடுதலைக்கு அந்த நாளைக் குறித்துக்கொள்ளலாம். பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலாம் நகரங்கள் அந்தப் பால்மரக் காடுகளின் மேல் எழுந்தவை. நிலத்தின் உரிமையாளர் மாறினார்; லயத்தில் இருந்தவர் வெளியேறினார்.

சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1972இல் கிள்ளான் துறைமுகமானது. 1974 பிப்ரவரி 1இல் சிலாங்கூர் கோலாலம்பூரைக் கூட்டரசுக்குக் கொடுத்தது. பிரிக்பீல்ட்ஸ் சாலை துன் சம்பந்தன் சாலையானது. 2010இல் அங்கே லிட்டில் இந்தியா திறக்கப்பட்டது.

குடியுரிமைதான் கடைசிவரை தீராத கணக்கு. மெர்டேக்கா நாள் முதல் 1962 செப்டம்பர் வரை இந்த மண்ணில் பிறந்த குழந்தை இயல்பாகக் குடிமகன். அதற்கு முன் பிறந்த பெற்றோர் பலர் விண்ணப்பம் போட வேண்டும். வசித்த ஆண்டுகளைக் காட்ட வேண்டும். ஓராண்டுச் சலுகைக் காலம் தாண்டினால் மலாய் மொழித் தேர்வும் எழுத வேண்டும். தோட்டத்தை விட்டு வெளியே போகாதவர்கள், பிறப்புச் சான்று இல்லாதவர்கள், அறிவிப்பே எட்டாதவர்கள் குடிமக்கள் அல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றார்கள். 1968இல் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டதும் பல்லாயிரம் தமிழர்கள் கப்பல் ஏறித் தமிழகம் திரும்பினார்கள். போகாமல் இருந்தவர்களில் சிலரும் அவர்கள் பிள்ளைகளும் சிவப்பு அட்டையோ எந்த அட்டையும் இல்லாத நிலையோ கொண்டு 21ஆம் நூற்றாண்டிலும் பதிவு அலுவலக வாசலில் காத்திருந்தார்கள்.